முந்நூற்றிருபதில் ஒரு பங்கு

முந்திரி என்றவுடன் என் மாணவர்கள் பாயசத்தை நினைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் படித்த பிள்ளைக்கு முந்திரி என்பது முதலில் ஓர் எண். ஒன்றை முந்நூற்றிருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி; நான்கு முந்திரி ஒரு காணி; பதினாறு முந்திரி ஒரு மா; இருபது முந்திரி ஒரு மாகாணி. எண்சுவடியில் இவற்றுக்கெல்லாம் வாய்பாடு உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நிலக்கணக்கு முந்திரியில் நிற்காமல் கீழ்முந்திரி வரை இறங்கிப் போகும். பதினெட்டு ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லிவருகிறேன். தேர்வில் ஒரு மதிப்பெண் வினா. அதற்கு மேல் அந்த எண்ணைக் கொண்டு எனக்கு ஆகவேண்டியது எதுவும் இருந்ததில்லை, சென்ற ஆண்டு வாலாஜாபாத்தில் ஒரு பழைய லேத் மிஷினுக்கு முன் ஸ்டூல் போட்டு உட்காரும் வரை.

தமிழ் வாத்தியாருக்கு லேத் பட்டறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பட்டறை என் மனைவியின் தம்பியுடையது.

வாலாஜாபாத்தை வெளியூர் நண்பர்கள் பெரும்பாலும் ரயில் நிலையப் பெயராகவோ, காஞ்சிபுரம் போகும் வழியாகவோதான் அறிவார்கள். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர். பாலாற்றங்கரை. ஒரு காலத்தில் கும்பினியாரின் படை முகாம் இங்கே இருந்தது. முகாம் போயிற்று, நெசவு மெலிந்தது, ஊர் நெடுநாள் சும்மா கிடந்தது. பிறகு கிழக்கே தொழிற்சாலைகள் வந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார்கள் வெளிவந்தன. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010இலும், டெய்ம்லரின் லாரி ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் உற்பத்தியைத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பெண்களில் இருவர் என் தெருவில் இருந்தார்கள். அது வேறு கதை.

பெரிய ஆலைக்குப் பொருள் தருகிறவனுக்குப் பொருள் தருகிறவன், அவனுக்கு ஜாப் ஒர்க் செய்து தருகிறவன் என்று இந்தச் சங்கிலி இறங்கிக்கொண்டே வரும். கீழ்முந்திரி போல. அதன் கடைசிக் கண்ணி, தகரக் கூரையின் கீழ் மூன்று லேத்துகள் வைத்திருக்கும் என் மைத்துனர். புஷ், பின், ஸ்பேசர் என்று சின்னச் சின்ன உருப்படிகளைக் கடைந்து கொடுப்பார். ஒரு பின்னுக்குக் கிடைக்கும் கூலியை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

அங்கே மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தொன்று. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாற்பத்திரண்டு ஆண்டுகள் டர்னர். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் அதற்கு முதுகெலும்பு. அவருக்குச் சர்க்கரை. விழித்திரை பழுதாகி இடக்கண் ஏறக்குறைய அணைந்துவிட்டது. வலக்கண்ணில் உருவம் தெரியும், நுண்கோடு தெரியாது. லேத்தின் கைப்பிடி வளையத்தில் வெட்டியிருக்கும் கோடுகளையும் வெர்னியரையும் படிக்க முடியாத டர்னரை எந்தப் பட்டறை வைத்துக்கொள்ளும்? மைத்துனர் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே போய்விடுவாரோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. இரண்டு முறை தீபாவளியோடு நின்றுகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இன்னும் திருமணமாகாத மகள்.

இந்த நிலையில்தான் நடு லேத்தைக் கம்ப்யூட்டரில் ஓடுமாறு மாற்றலாம் என்று மைத்துனர் முடிவு செய்தார். புதிய சிஎன்சி எந்திரம் பல இலட்சங்கள், வங்கி கொடுக்காது. பழைய லேத்தின் உடம்பு நல்ல வார்ப்பிரும்பு. அதை அப்படியே வைத்துக்கொண்டு, திருகு மரையை எடுத்துவிட்டு பால் ஸ்க்ரூ போட்டு, கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார் பொருத்தினால் போதும். அளவைக் கணினி பார்த்துக்கொள்ளும். மேஸ்திரிக்குக் கோடு தெரியவேண்டியதில்லை. வெளியூர் மெக்கானிக் ஒருவர் வந்து முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டு, மீதிப் பணத்துக்கும் மீதி வேலைக்கும் இடையே எங்கோ காணாமல் போனார். கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. “மாமா, நீங்க வந்து படிச்சுச் சொல்லுங்க” என்று மைத்துனர் கூப்பிட்டார். மேஸ்திரிக்குப் புரியும்படி தமிழில் எழுதித் தரவேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. கோடை விடுமுறை. போனேன்.

ஸ்டெப்பர் மோட்டாரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். நம் வீட்டு மின்விசிறி மோட்டார் சுவிட்சைப் போட்டால் சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்டெப்பர் அப்படியல்ல, ஒரு தட்டுத் தட்டினால் ஓர் எட்டு வைத்து நின்றுவிடும். ஒரு முழுச் சுற்றுக்கு இருநூறு எட்டுகள், ஓர் எட்டுக்கு 1.8 பாகை. கல்லூரி அலுவலகத்தில் ரம்பம் அறுப்பதுபோல் மதிப்பெண் பட்டியல் அடித்துக்கொண்டிருந்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள் காகிதத்தை நகர்த்தியது இதன் தம்பிதான். மோட்டாரை ஓட்டும் டிரைவர் பெட்டியில் சிறு சுவிட்சுகள் உண்டு. அவற்றைத் தள்ளி அமைத்தால் ஒவ்வோர் எட்டையும் இரண்டாக, நான்காக, எட்டாக, இன்னும் நுண்ணியதாகப் பிரிக்கலாம். எங்கள் மெக்கானிக் எட்டாகப் பிரித்து வைத்திருந்தார். (‘எட்டில் எட்டில் ஒன்று’ என்று மொழிபெயர்ப்பில் எழுதிப் பார்த்து, நானே குழம்பிவிடக்கூடும் என்று ‘அடி’ என மாற்றிக்கொண்டேன். பாடநூல்களில் இதற்குப் ‘படிநிலை மின்னோடி’ என்ற பெயர் இருக்கிறது. அழகான சொல். பட்டறையில் யாரும் சொல்லமாட்டார்கள். ‘பேக்லாஷ்’ என்பதற்குப் ‘பின்னடைவு’ என்று எழுதிக் காட்டியபோது மேஸ்திரி சிரித்தார்: “பிளேன்னு போடு சார், எல்லாத்துக்கும் புரியும்.” போட்டேன்.)

இனிக் கணக்கு. சுற்றுக்கு இருநூறு எட்டு. எட்டுக்கு எட்டு நுண்ணடி. ஆக ஒரு சுற்றுக்கு 1600. பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுச் சுற்றினால் லேத்தின் கேரேஜ் 5 மில்லிமீட்டர் நகரும். 1600ஐ ஐந்தால் வகுத்தால் 320. ஒரு மில்லிமீட்டருக்கு முந்நூற்றிருபது அடி. ஓர் அடி என்பது மில்லிமீட்டரில் முந்நூற்றிருபதில் ஒன்று.

முந்திரி! நான் சற்று உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். டீ கொண்டுவந்த பையன் விழித்தான்.

இதை வைத்துப் பழந்தமிழர் ஸ்டெப்பர் மோட்டார் கண்டார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இருநூறும் எட்டும் ஐந்தும் தற்செயலாகச் சேர்ந்ததன் விளைவு, அவ்வளவுதான். பத்து மில்லிமீட்டர் புரி போட்டிருந்தால் 160 என்று வந்திருக்கும். அப்போது அரைக்காணி என்று மகிழ்ந்திருப்பேன். இன்னொன்றும் சொல்லவேண்டும்: ஒரு முந்திரி நகர் என்று கட்டளையிடலாம் என்பதால் சரியாக ஒரு முந்திரி நகர்ந்துவிடும் என்று பொருளில்லை. நுண்ணடிகளுக்கு வலு குறைவு. உராய்வு சற்றுக் கூடினால் முதல் அடி முறுக்கேறி நிற்கும். இரண்டாவது மூன்றாவது தட்டில்தான் கேரேஜ் அசையும்.

உண்மையில் இந்த மோட்டாரின் குணமே அதுதான். சொன்னதைச் செய்யும், செய்ததைச் சொல்லாது. 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எண்களால் ஓடும் முதல் மில்லிங் எந்திரத்தைக் காட்டியபோதே, மேசை எங்கே நிற்கிறது என்று திரும்பிச் சொல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. விலையுயர்ந்த சர்வோ மோட்டார்கள் இன்றும் அப்படியே. ஏழைக்கேற்ற ஸ்டெப்பரில் அது கிடையாது. நூறு தட்டுத் தட்டினோம், நூறு அடி போயிருக்கும் என்று கணினி நம்பிக்கொண்டிருக்கும். இதை மேஸ்திரிக்கு விளக்கினேன். சற்று யோசித்து, “கண்ணைக் கட்டின செக்குமாடு” என்றார். பிறகு, “எனக்கேத்த கூட்டாளிதான்” என்றார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

கணினியில் இருந்த மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனத்தில் பிறந்து, பிறகு உலகெங்கும் இருக்கும் ஆர்வலர்கள் கைக்கு வந்து, 2011இல் இந்தப் பெயர் பெற்றது. காசு கிடையாது. அதன் அமைப்புப் பகுதி ஜாதகம் கணிப்பவரைப்போல் ஒவ்வொன்றாகக் கேட்கும்: சுற்றுக்கு எத்தனை எட்டு, எத்தனையாகப் பிரித்தாய், பல்சக்கரம் உண்டா, புரி எத்தனை, எவ்வளவு வேகம் வரை போகலாம், எவ்வளவு விரைவில் அந்த வேகத்தை எட்டலாம். கடைசி இரண்டுக்கும் கையேட்டில் விடை கிடைக்காது. ஸ்டெப்பருக்கு நின்ற நிலையில்தான் முழு வலு. வேகம் ஏற ஏற வலு குறையும். பொறுமையில்லாமல் முடுக்கினால் அடி தவறும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், மோட்டார் ‘கிர்’ரென்று கத்தி நின்றுவிடும் எல்லையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து நன்றாகக் கீழே இறங்கி நிற்கவேண்டும்.

இங்கே மேஸ்திரியின் காது வேலை செய்தது. மோட்டார் உடம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் விடு… போதும், பல்லைக் கடிக்குது” என்பார். மெதுவான ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மோட்டாருக்கு இயற்கையாகவே ஓர் அதிர்வு உண்டு. அங்கே தங்காமல் கடந்துவிட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அதைப் படிப்பதற்கு முன்பே அவர் அந்த இடத்தைக் காட்டிவிட்டார். நிமிடத்துக்கு 2400 மில்லிமீட்டர் என்று வேகத்தை நிறுத்தினோம். நொடிக்கு 12,800 தட்டு.

சோதனைக்கு நானூறு பின்கள் வந்தன. இந்தத் தொகுப்பு தேறினால் மாதந்தோறும் வேலை. முன்கூட்டியே நீளம் வெட்டி முகம் சீவிய கம்பித்துண்டு. அதைச் சக்கில் ஸ்டாப்பர் வரை தள்ளிப் பிடித்து, எட்டு ஓட்டத்தில் விட்டத்தைக் குறைத்து ஒரு தோள் எடுக்கவேண்டும். தோள் நீளத்தில் ஐந்து நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம், அவ்வளவுதான் சலுகை. முதல் பின் சரியாக வந்தது. இரண்டாவது விளிம்பில் நின்றது. மூன்றாவது தள்ளுபடி. பத்தாவது பின்னில் தோள் அரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டது.

தொலைபேசியில் பிடிபட்ட மெக்கானிக், பால் ஸ்க்ரூவின் நட்டில் பிளே இருக்கிறது, நட்டை மாற்றவேண்டும் என்றார். அது இன்னொரு பெரிய செலவு. மைத்துனர் கையில் அது இல்லை. அன்று மாலை மேஸ்திரி தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்ட விதத்தில் அந்த மூன்றாவது தீபாவளி தெரிந்தது.

ஆனால் அவர் போகவில்லை. பத்துப் பின்களையும் வரிசையாக மேசையில் அடுக்கி, ஒவ்வொரு தோளிலும் கட்டைவிரல் நகத்தை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “இது பிளே இல்ல சார். பிளேன்னா எப்பவும் அதே அளவுதான் இருக்கும். வளராது. இது வளருது.” சற்றுக் கழித்து: “வளர்றதும் ஒரே சீரா வளருது. குதிக்கல.”

இந்த இரண்டாவது வாக்கியத்தின் மதிப்பு இரவு வீட்டில் கையேட்டோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டெப்பர் வலுவில்லாமல் அடி தவறினால் அது ஓரடி ஈரடியாகத் தவறாது. உள்ளே சுழலும் பகுதியில் ஐம்பது பற்கள். பிடி விட்டால் அடுத்த பல்லில்தான் போய் மாட்டும். அதாவது ஒரு தாவலுக்கு நான்கு முழு எட்டு. எங்கள் புரியில் அது சரியாக 0.1 மில்லிமீட்டர், பழைய கணக்கில் இருமா. தவறியிருந்தால் பின்கள் இருமா இருமாவாகக் குதித்திருக்கும். குதிக்கவில்லை. ஒரு பின்னுக்கு 0.05, அதாவது ஒரு மா, பத்துப் பின்னுக்கு அரை என்று சீராக ஊர்ந்திருந்தது. ஒரு மாவில் பதினாறு முந்திரி. ஒரு பின்னுக்கு எட்டு ஓட்டம். ஆக ஓர் ஓட்டத்துக்கு இரண்டு முந்திரி.

ஏன் இரண்டு? ஓரடி தொலைந்திருந்தால் ஒன்றல்லவா வரவேண்டும்? அதற்கு ஒரே விடைதான் உண்டு. அடி தொலையவில்லை, தவறான பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் ஓரடி வரவேண்டியது முன்னால் ஓரடி போனால் வித்தியாசம் இரண்டு.

கணினியிலிருந்து டிரைவருக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று எந்தப் பக்கம் என்று சொல்லும். மற்றது நட என்று தட்டும். பக்கத்தைச் சொல்லிய பிறகு ஒரு கணம் பொறுத்துத்தான் தட்டவேண்டும். டிரைவரின் வாசலில் சிறு விளக்கும் அதைப் பார்க்கும் ஒளியுணரியும் இருக்கின்றன. கம்பிச் செய்தி ஒளியாகி உள்ளே போகிறது. அந்த ஒளியுணரி விழிப்பதற்கு ஒரு நேரம், உறங்குவதற்கு வேறு நேரம். அதனால்தான் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் செய்தி பிந்துகிறது. இரு பக்கமும் பிந்தினால் பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்பதால் வட்டிபோல் ஏறுகிறது. குறுக்கு அச்சுக்கு வேறு டிரைவர். அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அமைப்புப் பகுதியில் அந்தப் பொறுமைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே ஐயாயிரம் நானோநொடி என்று போட்டிருந்தது. ஒரு நொடியில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் விரல் நொடிப்பையும் அளவாக வைத்தது தொல்காப்பியம். ஒரு நொடிப்பு நேரத்துக்குள் இந்தப் பெட்டிக்குள் நடக்கும் பேச்சை நினைத்தால் தலை சுற்றுகிறது. மறுநாள் காலை அதை இருபதாயிரம் ஆக்கினோம். ஆக்குவதற்கு முன், கணக்கைச் சோதித்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கேரேஜுக்கு எதிரே டயல் கேஜை வைத்து, பழைய அமைப்பிலேயே நூறு முறை முன்னும் பின்னும் ஓட்டினோம். நூறு முறைக்கு இருநூறு முந்திரி, 0.625 மில்லிமீட்டர், அரையே அரைக்கால். பையன் முள்ளைப் பார்த்துப் படித்தான்: “அறுபத்திரண்டு தாண்டி, அறுபத்திமூணுக்குள்ள.” பிறகு புதிய அமைப்பில் நூறு முறை. முள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. மேஸ்திரி பையனை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

நானூற்றில் பதினொன்று தள்ளுபடியாயின. வெட்டும் முனை உடைந்ததை அரைமணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. மற்றவை தேறின. வேலை தொடர்ந்து வருகிறது.

இதை வெற்றிக்கதையாக எழுத எனக்கு மனமில்லை. மேஸ்திரியை வேலையில் வைத்திருப்பதற்காகப் பொருத்திய எந்திரம், மேஸ்திரி இல்லாமலும் ஓடக்கூடியது. துண்டை மாட்டிப் பொத்தானை அழுத்த அந்த டீப் பையன் போதும், அவன் கற்றுக்கொண்டும்விட்டான். மைத்துனருக்கும் இது தெரியும், மேஸ்திரிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இப்போதைக்கு அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து காதால் காவல் காக்கிறார். சத்தம் மாறினால் கை சிவப்புப் பொத்தானுக்குப் போகிறது. சென்ற மாதம் அப்படி ஒருமுறை தளர்ந்த கப்ளிங்கைக் கண்டுபிடித்தார். ஆனால் இன்னும் எத்தனை நாளைக்கு ஒரு சம்பளத்துக்கு அது போதுமான காரணமாக இருக்கும் என்று நான் மைத்துனரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இரண்டாவது லேத்தையும் மாற்றப்போகிறார்கள். என் தமிழ்க் குறிப்பு எட்டுப் பக்கமாக வளர்ந்திருக்கிறது. மூன்றாவது லேத்தைத் தொடவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒற்றை உருப்படி, அவசர வேலை வந்தால் அதில் அவரே கடைகிறார். கோடு தெரியாமல் எப்படி என்று கேட்டேன். கைப்பிடியை முதலில் வேண்டிய அளவுக்கு மேலேயே பின்னால் இழுத்து, பிறகு எப்போதும் ஒரே பக்கமிருந்து முன்னால் வருவாராம். அப்போது பிளே கணக்கில் வராது. “அப்புறம் என்ன சார், சுத்தை எண்ணிக்கிட்டா போச்சு. மூணே கால் சுத்து.” அரைச் சுற்று, கால் சுற்று என்பது கைப்பிடி நிற்கும் கோணத்தில் மணிக்கட்டுக்குத் தெரியும். கால் சுற்றுக்கும் குறைவானதற்கு, முடிந்த உருப்படியைப் பையனிடம் கொடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து சொல்லச் சொல்கிறார். சொன்ன அளவைக் கேட்டுக்கொண்டு கைப்பிடியை மெல்ல ஒரு தட்டுத் தட்டுகிறார்.